முகம் பொருந்தவில்லை

"மன்னிக்கவும். உங்கள் முகம் பொருந்தவில்லை" என்றது வருகைப் பதிவு இயந்திரம்.

நிலா சுற்றும்முற்றும் பார்த்தான். நடையில் வேறு யாரும் இல்லை. கண்ணை நன்றாகத் திறந்து, தாடையைத் தூக்கி, மறுபடியும் முகத்தைக் காட்டினான்.

"மன்னிக்கவும். உங்கள் முகம் பொருந்தவில்லை."

அவன் இடத்தில் வேறு எவனாவது இருந்திருந்தால் பதறியிருப்பான். நிலாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அது ஆனந்தக் கண்ணீர்.

ஒரு பெண்ணை நிலா என்று கூப்பிட்டால் அது கவிதை. இவனைக் கல்லூரியில் நிலா என்று கூப்பிட்டது, தொலைநோக்கியில் எடுத்த நிஜ நிலாவின் படத்தை எல்லோரும் பார்த்த பிறகு. வயதுக்கு வந்த பருக்கள் வயதானதும் போய்விட்டன. பள்ளங்கள் மட்டும் பட்டா போட்டுக்கொண்டு தங்கிவிட்டன. பெயரும் கூடவே வந்து ஆபீசில் 'நிலா சார்' ஆகிவிட்டது. 'சார்' சேர்ந்ததால் மரியாதை கூடியதாக அவன் ஒருநாளும் உணர்ந்ததில்லை.

அவன் வேலைக்குச் சேர்ந்த அன்று இந்த இயந்திரம் பதிந்துகொண்டது தழும்போடு இருந்த முகத்தை. இப்போது பொருந்தவில்லை என்றால் என்ன அர்த்தம்? உடனே மனைவிக்குப் போன் போட்டான்.

"மெஷினுக்கே என்னை அடையாளம் தெரியல!"

"ஐயையோ, வேலை போயிடுச்சா?"

"தழும்பு போயிடுச்சு!"

"காலையில பார்த்தேனே. அப்படியேதான் இருந்துச்சு."

"நீ தினமும் பாக்குற. தினமும் பாக்கறவங்களுக்கு வித்தியாசம் தெரியாது."

"மெஷினும் தினமும்தானேங்க பாக்குது?"

நிலா போனை வைத்தான். புருஷன் அழகாவதை எந்த மனைவி மனமார ஒப்புக்கொண்டிருக்கிறாள்? அவளைச் சந்தேகப் பட்டியலில் சேர்த்தான்.

சந்தேகப்படுவது அவனுக்குக் குணம் மட்டுமல்ல, பிழைப்பும்கூட. மின்விசிறி செய்யும் கம்பெனி ஒன்றின் கிளையில் புகார்ப் பிரிவு அவனுடையது. போன் வரும். "உங்க ஃபேன் சத்தம் போடுது" என்பார்கள்.

"துடைச்சுப் பார்த்தீங்களா?" என்பான்.

"துடைச்சோமே."

"எப்ப?"

அத்தோடு மறுமுனை அமைதியாகிவிடும். உலகத்துப் புகார்களில் பாதி ஒரு ஈரத்துணியில் தீர்ந்துவிடும், மீதிப் பாதி பொய் என்பது அவன் தொழிலில் கண்டறிந்த உண்மை.

தழும்புக்கு வைத்தியம் பார்த்த தோல் டாக்டரம்மாவையும் அவன் முழுதாக நம்பியிருக்கவில்லை.

"உங்களுக்கு ரொம்ப மென்மையான தோல். எதைப் போட்டாலும் கோவிச்சுக்கும்" என்றார் அவர்.

"எங்க வீட்ல எல்லாருமே அப்படித்தான் டாக்டர்."

அவர் சிரிக்கவில்லை. காரமில்லாத சோப்பால் கழுவ வேண்டும். வாசனையில்லாத க்ரீமைத்தான் தடவ வேண்டும். வெயிலில் போனால் வெயிலுக்கான க்ரீம். ராத்திரி மருந்து பட்டாணி அளவுதான். தழும்பு ஆழமாக இருப்பதால் மாதக் கணக்கில் பொறுக்க வேண்டும். "நீங்களா எதையும் வாங்கிப் போடாதீங்க. புதுசு எதுவா இருந்தாலும் முதல்ல காதுக்குப் பின்னாடி தடவிப் பாருங்க. முக்கியமா, சும்மா சும்மா முகத்தைத் தொடாதீங்க."

வாசனையே இல்லாத மருந்து எப்படி வேலை செய்யும்? வீட்டுக்குப் போகிற வழியிலேயே வெள்ளரிக்காய் ஜெல் ஒரு பெரிய டப்பா வாங்கிவிட்டான். பச்சை நிறம், பத்தடிக்கு வாசனை. சொன்னபடி காதுக்குப் பின்னால் தடவியும் பார்த்தான். காதுக்கு ஒன்றும் ஆகவில்லை. காதில் தழும்பு இல்லாததால் குணமானதா என்றும் தெரியவில்லை. ஆகவே முகத்துக்கு வந்தான்.

ஆனால் முகத்தைத் தொடக் கூடாது என்பதை மட்டும் விரதம்போல் கடைப்பிடித்தான். ஆபீஸ் கழிவறைக் கண்ணாடி போன வருஷமே விழுந்து உடைந்திருந்தது. மிச்சமிருந்த ஒரே கண்ணாடி இந்த இயந்திரத்தின் கறுப்பு முகப்புதான். அதற்கு நேர் மேலே ட்யூப் லைட். வீட்டில் தெரியாத பள்ளமெல்லாம் அதில் தெரியும். தினமும் காலையில் மற்றவர்கள் வருவதற்கு முன்பே வந்து, பஸ் வியர்வையைத் துடைத்து, ஜெல்லைப் பூசி, கறுப்புக் கண்ணாடியில் தெரியும் கன்னத்தின் மேல் விரலை வைத்து ஒவ்வொரு தழும்பாக எண்ணுவான். முகத்தைத் தொடாதே என்றுதான் டாக்டரம்மா சொன்னார். பிம்பத்தைத் தொடாதே என்று சொல்லவில்லை.

அன்று மதியம் தலைமை அலுவலகத்திலிருந்து போனுக்குச் செய்தி வந்தது.

'இன்று நீங்கள் பணிக்கு வரவில்லை. முகம் பொருந்தாதவர்கள் தமக்குப் பதிலாக வேறு ஆளை அனுப்பியதாகக் கருதப்படுவார்கள். விசாரணை முடியும்வரை இதுபற்றி அலுவலகத்தில் எவரிடமும் பேசக் கூடாது.'

ஆனந்தக் கண்ணீர் அங்கேயே காய்ந்தது.

காரணம் இருந்தது. நிலா இன்னும் தற்காலிக ஊழியன். மாதக் கடைசியில் ஒருவரை நிரந்தரமாக்கப் போவதாகப் பேச்சு. நிரந்தரமானால்தான் மாமனார் வீட்டு மாடியைக் காலி செய்து தனி வீடு பார்க்க முடியும். மாமனார் நல்லவர்தான். தினமும் சாயங்காலம் படிக்கட்டில் நின்று, "என்ன மாப்ளே, நிரந்தரமாயிடுச்சா?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்பார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அதே கேள்வி, அதே படி.

முகமா, வேலையா என்று வந்தபோது நிலா அதிகம் யோசிக்கவில்லை. வேலையைக் காப்பாற்றப் பழைய முகத்தைத் திரும்பக் கொண்டுவந்துவிடுவது என்று முடிவு செய்தான். ஆனால் அதற்கு முன் இன்னொரு கேள்வி அரித்தது. முகம் மாறியதா, அல்லது யாராவது அவன் முகத்தை இயந்திரத்திலிருந்து அழித்துவிட்டார்களா?

ஏனென்றால் அடுத்து வந்த நாட்களில் ஆபீசில் எதுவும் சரியாக இல்லை. முன்பெல்லாம் காலையில் இயந்திரத்தின் முன் சினிமாக் கொட்டகைபோல் வரிசை நிற்கும். இப்போது ஒருவரையும் காணோம். எல்லோரும் தனித்தனியாக, வேறு வேறு நேரத்தில், பூனைபோல் வந்து போனார்கள். அவனைக் கண்டால் பேச்சை நிறுத்தினார்கள். பரு ஒட்டுவாரொட்டி என்று யாராவது கிளப்பிவிட்டிருக்கிறானா?

முதல் சந்தேகம் கணக்கர்மேல் விழுந்தது. அவனும் தற்காலிகம். காலியாக இருப்பது ஒரே இடம். போதாததற்கு அந்த மாதம் திடீரென்று மீசையை வேறு எடுத்திருந்தான். மடியில் கனமில்லாதவன் மீசையை எதற்கு எடுக்கிறான்?

மேனேஜருக்கு அதே மாதம் தலை நிறைய முடி வந்திருந்தது. அதைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. நிரந்தரமாக்குவது அவர் கையில்.

ஆள் சேர்ப்புப் பிரிவில் இருந்த, எல்லோராலும் 'அக்கா' என்று அழைக்கப்பட்ட அம்மாள் மட்டும் வழக்கம்போல் இருந்தார். புதிதாக மாட்டியிருந்த தடித்த மூக்குக் கண்ணாடி வழியாக அவனை மேலும் கீழும் பார்த்தார். அது எப்போதும் பார்ப்பதுதான். இருந்தாலும் நிலா குறித்துக்கொண்டான்.

விடை கிடைக்காமலே ஒரு வாரம் போனபின், ஒருநாள் காலை முதல் வேலையாக ஆபீஸ் கழிவறைக்குப் போய், கை கழுவ வைத்திருந்த சோப்பை எடுத்து முகத்தில் போட்டுத் தேய்தேய் என்று தேய்த்தான். வைத்தியமெல்லாம் கழன்று சாக்கடையில் போகட்டும் என்பது திட்டம். வைத்தியம் போனதா தெரியாது, தோல் கோபித்துக்கொண்டது. முகம் பழுத்த மிளகாய்போல் சிவந்தது.

"மன்னிக்கவும். உங்கள் முகம் பொருந்தவில்லை."

"என்னண்ணே, காலங்காத்தால வெக்கப்படுறீங்க?" பின்னால் கணக்கர் நின்றிருந்தான்.

"நீ எப்ப வந்த?"

"இப்பத்தான். நீங்க பதிஞ்சிட்டீங்களா?"

"பதிஞ்சாச்சு. நீ?"

"நான் அப்பவே பதிஞ்சிட்டேன்."

"இப்பத்தான் வந்தேன்னு சொன்ன?"

"இப்பத்தான் வந்து, அப்பவே பதிஞ்சேன்" என்று சொல்லிவிட்டுக் கணக்கர் வேகமாகப் போனான். பொய் சொல்பவன் முகத்தில் ஒரு பளபளப்பு உண்டு. மீசையில்லாத முகத்தில் அது இன்னும் பளிச்சென்று தெரிந்தது.

எரிச்சல் தாங்கவில்லை. ஜெல்லை இரண்டு மடங்காக அப்பிக்கொண்டு, சிவப்பு குறைந்ததா என்று கறுப்புக் கண்ணாடியில் மூக்கு இடிக்கக் குனிந்து பார்த்தான். குறையவில்லை. இன்னும் கொஞ்சம் அப்பினான். மறுபடி பார்த்தான். எரிச்சல் கூடியதுதான் மிச்சம். டாக்டரம்மாவுக்குப் போன் செய்தான்.

"நான் சொல்லாத எதையாவது போட்டீங்களா?"

"இல்லவே இல்ல டாக்டர்."

"போன்லயே வாசனை வருது. அதைத் தூக்கிப் போடுங்க. வெறும் தண்ணி, நான் குடுத்த க்ரீம், அவ்வளவுதான். மூணு நாள் மூஞ்சியைச் சும்மா விடுங்க."

இவருக்கு எப்படித் தெரிந்தது? யார் சொல்லியிருப்பார்கள்? கணக்கர் வீடும் டாக்டரம்மா வைத்தியசாலையும் ஒரே தெருவில் இருப்பது நிலாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

தலைமை அலுவலகச் செய்தி தினமும் சாப்பாட்டு நேரத்துக்குத் தவறாமல் வந்தது. மாமனார் படிக்கட்டுக்குத் தவறாமல் வந்தார். ஒரு விடியற்காலையில் நிலா மனைவியை எழுப்பி, கையில் புருவப் பென்சிலைக் கொடுத்தான்.

"பழையபடி தழும்பு வரைஞ்சு விடு."

"நல்லா இருக்கீங்களா?"

"நல்லா இருக்கறதுதான் பிரச்சனை. வரை."

அவள் பென்சிலைப் பிடித்துக்கொண்டு அவன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"எங்கங்க வரையறது? எல்லா இடத்துலயும் ஏற்கெனவே ஆள் உக்காந்திருக்கே."

"கிண்டல் பண்ணாத."

"சத்தியமா. ஒரு சீட்டுகூடக் காலி இல்ல."

"சரி, இருக்கறது மேலயே வரை. வேலைதான் முக்கியம்."

"இத்தனை நாள் போகணும்னு அழுதீங்க, இப்ப வரணும்னு அழுறீங்க. உங்களைக் கட்டிக்கிட்டதுக்கு ஒரு ஓவிய வகுப்புக்காவது போயிருக்கலாம்." முணுமுணுத்தபடியே வரைந்தாள். கை தேர்ந்தவள் இல்லை. ஆனால் தாராளமானவள்.

இயந்திரம் அன்றும் மன்னிக்கச் சொன்னது. அதற்குள் பஸ் வியர்வையில் பென்சில் கரைந்து ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு வால் முளைத்திருந்தது. அந்த நேரம் பார்த்து மேனேஜர் அறைக் கதவைத் திறந்தார். பார்த்த வேகத்தில் மூடினார்.

"அம்மையா?" என்றது கதவு.

"இல்ல சார், இது வந்து..."

"பேசாதீங்க! காத்துல பரவும்! வீட்டுக்குப் போங்க!"

"சார், ஏற்கெனவே எனக்கு வருகை..."

"மூச்சு விடாமப் போங்க!"

ஆக, வந்தும் வராதவனாக இருந்த நிலா, அன்று நிஜமாகவே வராதவன் ஆனான். கேட்டில் வாட்ச்மேன், "போறது நீங்கதானே சார்?" என்று கேட்டார்.

"ஏன் கேக்கறீங்க?"

"இல்ல, இப்பல்லாம் இங்க யாரு யாருன்னே சொல்ல முடியல" என்று சொல்லிவிட்டு அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். அவரும் பட்டியலில் சேர்ந்தார். பட்டியலில் இல்லாதவர்களைத் தேடுவதே இப்போது சிரமமாக இருந்தது.

கடைசியாக ஒரே வழிதான் தோன்றியது. வேலைக்குச் சேர்ந்தபோது எடுத்த பழைய போட்டோவை நிஜ முகம் அளவுக்குப் பெரிதாக்கி வாங்கினான். ஒவ்வொரு பள்ளமும் கிணறுபோல் தெரிந்தது. அதைச் சட்டைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு, பொழுது விடிந்தும் விடியாமலும் ஆபீசுக்குள் நுழைந்தான்.

நடையில் ஏற்கெனவே ஓர் உருவம். இயந்திரத்தின் முன் நின்று தலையைத் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தது.

"யாருடா அது?"

உருவம் திரும்பியது. கணக்கர். மூக்குக்குக் கீழே கனமான மீசை.

"என்னடா இது?"

"மீசைண்ணே."

"முந்தாநாள் இல்லையே?"

"எங்க குடும்பத்துல சீக்கிரம் வளரும்."

"இடது பக்கம் தொங்குது."

கணக்கர் இடது பக்கத்தை அழுத்திக்கொண்டான். "அது இருக்கட்டும். உங்க சட்டைக்குள்ள என்ன?"

"ஒண்ணுமில்ல. முதுகு வலி."

"முதுகு வலிக்கு வயித்துல சுருட்டி வைப்பாங்களா?"

மாடிப்படியில் காலடிச் சத்தம். அக்கா வந்துகொண்டிருந்தார். தடித்த கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்ததால் சுவரைத் தடவித் தடவி வந்தார். இவர்களைப் பார்த்து, அதாவது இவர்களுக்குப் பக்கத்தில் இருந்த தூணைப் பார்த்து, "யாரு, வாட்ச்மேனா?" என்றார்.

அவருக்குப் பின்னால் மேனேஜர் வந்தார். தலையில் ஒரு முடிகூட இல்லை. கையில் மட்டும் ஒரு பை, பைக்குள் ஏதோ செல்லப் பிராணிபோல் கறுப்பாக ஒன்று. நால்வரும் திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல் நின்றார்கள்.

"மீட்டிங்" என்றார் மேனேஜர்.

"ஆமா சார், மீட்டிங்" என்றார்கள் மூவரும்.

எதைப் பற்றி மீட்டிங் என்று யாருக்கும் தெரியாததால் எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கேட்டிலிருந்து வாட்ச்மேன் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். தோளில் கருவிப் பை, வாயில் கொட்டாவி.

"மெஷின் மெக்கானிக்" என்றார் வந்தவர். "வேற வேலைக்குப் போற வழியில ஒரு எட்டுப் பாத்துட்டு வரச் சொன்னாங்க. இந்தக் கிளை இன்னும் இருக்கா, இழுத்து மூடியாச்சான்னு மேலிடத்துல குழப்பமாம். ரொம்ப நாளா இங்க ஒருத்தர்கூட வேலைக்கு வரலையாமே?"

"ஒருத்தர்கூடவா?" என்றார்கள் நால்வரும் ஒரே நேரத்தில்.

பிறகு உடைந்தது அணை. மீசையை எடுத்ததால்தான் இயந்திரத்துக்குத் தன்னை மட்டும் தெரியவில்லை என்று நினைத்திருந்ததாகக் கணக்கர் சொன்னான். புதுக் கண்ணாடி போட்டதால்தான் என்று அக்கா சொன்னார். மேனேஜர் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். எல்லோருக்கும் வந்தது அதே செய்தி. யாரிடமும் பேசக் கூடாது என்றதால், சொல்பேச்சுக் கேட்டு யாரும் பேசவில்லை.

நிலாவுக்கு மட்டும் வெறி பிடித்தது. தன் சந்தேகம் வீண்போகவில்லை என்ற வெறி.

"சார், நான் அப்பவே நினைச்சேன். யாரோ வேணும்னே மெஷின்ல கை வச்சிருக்காங்க. ஒரு ஆபீசையே ஆளில்லாத ஆபீசா ஆக்கியிருக்காங்க. இது சாதாரண வேலை இல்ல சார், சதி!"

"கரெக்ட்" என்றார் மேனேஜர். தலையில் காற்று பட்டதும் அவருக்கும் கோபம் வந்திருந்தது. "இந்த ஒரு மாசம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

"கண்டுபிடிச்சா விடக் கூடாது சார். யாரா இருந்தாலும் அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பணும்." நிலா கணக்கரை ஓரக்கண்ணால் பார்த்தான். கணக்கரின் மீசை பயத்தில் கழன்று விழுந்தது.

"அனுப்புறேன். இவங்க எல்லார் முன்னாடியும் சொல்றேன், அனுப்பிட்டுத்தான் மறுவேலை. நிலா, நீங்கதான் ஆபீஸ்மேல இவ்வளவு அக்கறையா இருக்கீங்க. உங்க நிரந்தரத்தை இன்னிக்கே பாத்துடலாம்."

நிலாவின் கண் முன்னால் மாமனார் வீட்டுப் படிக்கட்டு ஒரு நொடி தெரிந்து மறைந்தது. தனி வீட்டுக் கதவு திறந்தது. அதில் நுழைந்தவனின் முகம் தழும்பே இல்லாமல் வழவழவென்று இருந்தது. இயந்திரத்தைக் கெடுத்தது வேறொருவன் என்றாலும், வைத்தியம் பலித்தது பலித்ததுதானே?

மெக்கானிக் கருவிப் பையைத் திறக்கவே இல்லை. இயந்திரத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்து பார்த்தார்.

"இங்க புகார்ப் பிரிவு யாரு சார்?"

"நான்தான்" என்றான் நிலா, நெஞ்சை நிமிர்த்தி.

"துடைச்சுப் பாத்தீங்களா?"

நிலா வாயைத் திறந்தான். அவன் தொழிலில் அந்தக் கேள்விக்குப் பிறகு மறுமுனையில் என்ன கேட்குமோ, அதுதான் கேட்டது.

மெக்கானிக் பாக்கெட்டிலிருந்து துணியை எடுத்துக் கறுப்புக் கண்ணாடியை மேலிருந்து கீழாக ஒரு இழுப்பு இழுத்தார். மேனேஜரை மொட்டைத் தலையோடு முன்னால் நிறுத்தினார். "வணக்கம்" என்றது இயந்திரம். பையில் இருந்ததைத் தலையில் வைத்துக் காட்டச் சொன்னார். அப்போதும் "வணக்கம்." மீசையில்லாத கணக்கருக்கும் வணக்கம். கண்ணாடி போட்ட அக்காவுக்கும் வணக்கம். கடைசியாக நிலா தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வருவதற்குள், இரண்டடி தூரத்திலேயே, பழகிய நண்பனைக் கண்டதுபோல், "வணக்கம்" என்றது.

மெக்கானிக் கையிலிருந்த துணியைப் பார்த்தார். அது பச்சையாக, பிசுபிசுவென்று இருந்தது. மூக்கருகே கொண்டுபோய் ஒரு தடவை ஆழமாக முகர்ந்தார்.

"உங்க எல்லார் மூஞ்சியும் பழைய மூஞ்சிதான் சார், ஒரு தழும்புகூட மாறல. இந்தக் கண்ணாடிக்குத்தான் யாரோ ஒரு மாசமா வெள்ளரிக்கா ஜெல் தடவி வைத்தியம் பாத்திருக்காங்க."